பதினேழாவது ஊசி

டாக்டரிடம் நான் பொய் சொல்லவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போது வீட்டில் எல்லோரும் என்னைப் புளுகுணி மாதிரி பார்க்கிறார்கள்.

போச்சம்பள்ளி கம்பெனியில் எட்டு மணி நேரம் நின்றுகொண்டே பார்ட்ஸ் சோதிக்கிற வேலை எனக்கு. தொண்ணூற்றெட்டு கிலோவை இரண்டு முழங்கால் எத்தனை வருஷம் தாங்கும்? கம்பெனி பஸ்ஸில் ஏற பின்னாலிருந்து யாராவது தள்ள வேண்டியிருந்தது. உட்கார்ந்து செய்கிற வேலை கேட்டேன். முடியலைன்னா சொல்லிடு மேகலா என்று சூப்பர்வைசர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அந்த வாரமே எடையைக் குறைக்க ஒரு டாக்டரைத் தேடி ஓசூருக்குப் பஸ் ஏறினேன்.

டாக்டர் சௌந்தரராஜன் அவசரப்படுத்தவில்லை. வாரம் ஒரு ஊசி, வயிற்றில் நீயே போட்டுக்கொள்ளலாம் என்றார். குமட்டும், வாந்தி வரும். கணையம் வீங்கினால் தாங்க முடியாத வயிற்று வலி வரும், உடனே ஓடி வரணும். நிறுத்தினால் எடை திரும்பலாம். கடைசியாக, ரத்த சொந்தத்தில் யாருக்காவது கழுத்தில் வருகிற தைராய்டு புற்றுநோய் உண்டா என்று கேட்டார். எலிகளுக்கு இந்த மருந்து கொடுத்தபோது அந்த இடத்தில் கட்டி வந்ததாம். மனுஷருக்கு வருமா என்று உறுதியாகச் சொல்ல முடியாதாம். ஆனால் தைராய்டு புற்றுநோயில் பரம்பரையாகவும் வரக்கூடிய அபூர்வமான ஒரு வகை குடும்பத்தில் இருந்தால் ஊசி கூடாதாம். யாருக்கும் இல்லை என்றேன். அம்மா பக்கம் சர்க்கரை, அப்பா பக்கம் பிடிவாதம், வேறு சீக்கு கிடையாது.

என் புருஷன் சிவராஜுக்கும் தொப்பை உண்டு. நான் மூன்று கிலோ இறங்கியதும், எனக்கும் டாக்டரைக் கேளேன் என்றார். அன்றைக்கு நான் பேசிய பேச்சு இருக்கிறதே!

"உங்களுக்கு ஆகாது மாமா. உங்கம்மா கழுத்துல கட்டி வந்துதானே போனாங்க."

அதோடு அவர் ஊசி ஆசையை விட்டார். மாமியார் நாகம்மாள் போய் ஆறு வருஷம் ஆகிறது. பெங்களூரில் கழுத்தில் ஆபரேஷன் செய்தும் ஒரு வருஷம் தாங்கவில்லை. எனக்கும் அவங்களுக்கும் எலியும் பூனையும்தான். நான் களி கிண்டினால் கட்டி, குழம்பு வைத்தால் தண்ணி. என் மகள் சௌமியாவுக்குத் தலை வாரினால் அதுவும் கோணல்.

பதினாறு ஊசியில் ஒன்பது கிலோ குறைந்தது. இரண்டு உருண்டை களி தின்றவள் அரை உருண்டையில் எழுந்தேன். பஸ் படியில் நானே ஏறினேன். சந்தோஷமாக இருந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

கோயில் பண்டிகைக்கு அழைக்கக் கல்லாவியிலிருந்து அப்பா வந்தார். வாசலிலேயே நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எளச்சதுல அப்படியே எங்கக்கா நாகம்மா ஜாடை வந்துடுச்சு கண்ணு."

முதலில் கோபம்தான் வந்தது. இத்தனை பாடுபட்டது மாமியார் மூஞ்சியை வாங்கவா? காபி ஆற்றும்போதுதான் உறைத்தது. அப்பாவின் கூடப்பிறந்த அக்கா அவங்க. அத்தை மகனைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து, சண்டை போட்டுப் போட்டு, அவங்களை முழுசாகப் புருஷன் வீட்டு ஆளாக்கிவிட்டிருந்தேன். சிவராஜுக்கு ஆகாது என்று தெரிந்த எனக்கு, எனக்கும் ஆகாது என்று தெரியவில்லை.

அது என்ன வகைப் புற்றுநோய் என்று சிவராஜைக் கேட்டேன். தெரியாது என்றார். ஆஸ்பத்திரி ஃபைல் எங்கே என்றேன். கருமாதி முடிந்து அவங்க புடவையையும் பாயையும் ஆற்றில் விட்டபோது அதையும் விட்டாயிற்று, சீக்கு வீட்டில் தங்கக் கூடாதென்று நீதானே எடுத்துக் கொடுத்தாய் என்றார். ஆமாம், நான்தான் கொடுத்தேன்.

பதினேழாவது ஊசி ஃபிரிட்ஜில் இருந்தது. போடலாமா, வேண்டாமா? கூட வேலை செய்கிற முனிலட்சுமி, இத்தனை போட்டாச்சு, இனிமேலா வரப்போகுது என்றாள். சிவராஜ் தூக்கிப் போடு என்றார். அப்பா இங்கிலீஷ் மருந்தே விஷம் என்றார். கழுத்தைத் தடவினால் கட்டி இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறைதான்.

சிவராஜையும் இழுத்துக்கொண்டு ஓசூருக்கே போனேன். டாக்டர் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. பெரும்பாலும் வேறு வகையாகத்தான் இருக்கும், ஆனால் அந்த நம்பிக்கையில் ஊசி போட முடியாது, பெங்களூர் ஆஸ்பத்திரியில் பழைய பதிவைக் கேளுங்கள், அதுவரை நிறுத்து என்றார். ரத்தப் பரிசோதனைக்கும் எழுதினார்.

"கால் போனா என் வேலை போயிடும் சார்," என்றேன். அழுகை வந்துவிட்டது.

அவர் ஒரு தாளை எடுத்தார். மேலே நாகம்மாள் என்று எழுதி, பக்கத்தில் அவங்க தம்பியாக என் அப்பா பெயரை எழுதினார். அவங்களுக்குக் கீழே சிவராஜ், அப்பாவுக்குக் கீழே நான். எங்கள் இருவரிடமிருந்தும் ஒவ்வொரு கோடு இழுத்து, இரண்டும் சேருகிற இடத்தில் பேனாவை வைத்தார்.

"பொண்ணுக்கு எத்தனை வயசு?"

பதினொன்று என்று சிவராஜ்தான் சொன்னார். அதற்குப் பிறகு ஊசியைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை.