நார்வேக்காரர் துட்டி

பள்ளியில் அரசியல் சாசன தினத்துக்காக ஹால்வோர் என்ற நார்வேக்காரரின் படத்தை பிளெக்ஸ் அடிக்கக் கொடுத்திருந்தேன். என்னைப் போலவே விவசாயி, வாத்தியார். இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஊர்க்காரர்கள் அவரைத் தங்கள் நாட்டுச் சாசனம் எழுதும் சபைக்கு அனுப்பினார்கள். கடையத்தில் பிளெக்ஸ் கடை வைத்திருக்கும் முப்பிடாதி, படத்தின் கீழே பிறந்த, இறந்த ஆண்டுகளைப் பார்த்ததும் கை பழகியபடி அடித்துவிட்டான். அவனே கொண்டுவந்து கட்டியும் விட்டான். காலையில் எங்கள் தெருமுனையில் ஹால்வோர் மாலையோடு நின்றார். மேலே ‘கண்ணீர் அஞ்சலி’. கீழே ‘ஆறாத் துயரில் வாடும் ஆனந்தவள்ளி டீச்சர் குடும்பத்தார்’.

நான் பல் துலக்குவதற்குள் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு, இழவு வீடென்று துட்டி கேட்க உட்கார்ந்துவிட்டார்கள்.

“நல்ல களையான முகம். சுகர் இருந்துச்சோ?” என்று சண்முகசுந்தரி மதினி என் கையைப் பிடித்தாள்.

கணவரின் அண்ணன் வீரபாகு அத்தான் வெள்ளை வேட்டியில் வந்தார். “துட்டி வீட்டுக்காரி கூட்டத்துக்குப் போகப்படாது. நான் போயிட்டு வாரேன்.”

வீரகேரளம்புதூரில் அன்று பாசன சங்கத்துக்குப் புது விதி எழுதும் கூட்டம். எங்கள் ஊர்ப் பிரதிநிதி நான். வாய்க்காலின் கடைசியில் காயும் எங்கள் கடைமடை வயல்களுக்கும் தண்ணீர் முறை கேட்க வேண்டும். அத்தான் வயல் தலைமடையில், அவர் கேட்கமாட்டார்.

“அத்தான், அவரு செத்து நூத்தம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு.”

“சேதி இன்னைக்குத்தானட்டி வந்திருக்கு? ஊரே பாத்தாச்சு.”

உள்ளுக்குள் எனக்கு நிம்மதியாக இருந்தது. அத்தனை ஆண்கள் நடுவே எழுந்து பேச வேண்டாம். முன்பின் தெரியாத ஒரு பிணம் எனக்கு லீவு வாங்கித் தந்திருக்கிறது. அந்த நிம்மதியைக் கண்டுதான் பயந்தேன். தெருமுனையில் ஹால்வோர் முகம் இறுகி நின்றார். சபைக்குக் கிளம்பிய அன்று அவரும் போகாமலிருக்க ஒரு சாக்குத் தேடியிருப்பார்.

“வருஷம் கழிச்சு சேதி வந்தா, தலை முழுகினாத் தீட்டு போயிரும்லா?” என்றேன்.

“ஆமா,” என்றாள் மதினி. “எங்க சித்தப்பா பம்பாயில செத்ததுக்கு அப்படித்தான் முழுகினோம்.”

அத்தான் விடவில்லை. “ஓடுத தண்ணியில முழுகணும். உங்க கடைமடையில ஏது ஓடுத தண்ணி?”

ஆட்டோ பிடித்து ஐந்தருவிக்குப் போனேன். தண்ணீர் தலையில் அறைந்தபோது ஹால்வோருக்காக அழுகை வந்தது, எனக்காகவும் இருக்கலாம்.

கூட்டத்துக்குள் நுழைந்தபோது புடவை நுனி சொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு முன்பே வந்து என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் அத்தான்.

“என்ன டீச்சர், தலை ஈரமா இருக்கு?” என்றார் சங்கத் தலைவர்.

நான் உட்காரவில்லை. “எங்க கடைமடையில தலை முழுகக்கூட ஓடுத தண்ணி இல்லைய்யா. இந்தா, எங்க அத்தானே சொன்னாவ.”