சாப்பிடுகிற கை

கலகெதரவில் லாபிர் முதலாளியின் கோழி வெட்டும் கொட்டிலில் கூடை தூக்கித் தூக்கியே இடுப்பைத் தொலைத்தவன் ராஜலிங்கம். இனிமேல் பாரம் தூக்கினால் படுத்த படுக்கைதான் என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

முதலாளி கையை விரித்தார். "தராசு ரூமுல கொம்பியூட்டர் ஈக்குது. ரமேசு கண்டிக் கடைக்கு மாறிப் போறான். நீங்க அதப் பழகினா அந்தக் கதிரை ஒங்களுக்கு. மத்தியானம் லுஹர் தொழுதிட்டு வந்து பாப்பேன். ஏலாட்டி வீட்டுல இருங்க, நான் என்ன செய்ய?"

வீட்டில் இருந்தால் அடுப்பு எரியாது. ராஜலிங்கம் போய்க் கதிரையில் உட்கார்ந்தான். உட்கார்ந்த பிறகுதான் மவுசைப் பார்த்தான்.

அது ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்க வேண்டும். இப்போது அதன் முதுகில் பழுப்பாக ஒரு தோல் வளர்ந்திருந்தது. கோழிக் கொழுப்பு, ரோல்ஸ் எண்ணெய், வியர்வை எல்லாம் சேர்ந்து இறுகிய தோல். கீபோர்ட் கட்டைகளுக்கு நடுவில் குழம்பு காய்ந்து கிடந்தது. அதில் ஒரு இறகு ஒட்டியிருந்தது.

பக்கத்தில் நின்ற கிளாக்கர் ரமேஸ் ரொட்டியைக் குழம்பில் தோய்த்துத் தின்றபடியே அதே விரல்களால் மவுசைப் பிடித்தான்.

"இப்புடி இழுங்கண்ணே. அம்பு போகுதா? மேல இருக்க பேர்ல வச்சி ஒரு தட்டு. பட்டியல் கீழ விழும். அதுல கடைப் பேரத் தட்டுங்க. அப்புறம் இந்தப் பெரிய கட்டை. துண்டு அச்சாகி வரும், சோலி முடிஞ்சிச்சி."

சொல்லிவிட்டு விரலை நக்கினான். பிறகு மறுபடியும் மவுசைத் தொட்டான். ராஜலிங்கம் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். அவன் கோழிக் குடல் கழுவியவன், இரத்தத்தில் நின்று வேலை செய்தவன். இரத்தம் தண்ணீர் பட்டால் போய்விடும். இது போகாது.

வெளியே லொறி வர, ரமேஸ் இறங்கிப் போனான். ராஜலிங்கம் வலது கையை மடியில் வைத்துக்கொண்டு இடது கையால் மவுசைப் பிடித்தான். ஆள்காட்டி விரல் விழுந்த இடத்தில் தட்டினான். பட்டியல் விழவில்லை. அம்புக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு சின்னப் பெட்டி திறந்தது. அதில் கடைப் பெயர் ஒன்றுகூட இல்லை. மறுபடி தட்டினால் பெட்டி வேறு இடத்துக்குத் தாவியது. எரிச்சலில் அதற்குள்ளேயே எதையோ தட்டினான். திரையில் ஒரு வரிசை மறைந்து போனது.

திரும்பி வந்த ரமேஸ் தலையில் கை வைத்தான். "ஐயோ! கடுகண்ணாவ லொறியில ஏத்துன கணக்கு பூரா காணோம்! என்னண்ணே செஞ்சீங்க?"

"நீங்க சொன்ன மாதிரித்தான் தம்பி தட்டுனேன். அது வேற பொட்டியக் காட்டுது."

ரமேஸ் குனிந்து பார்த்தான். "இடது கையாலயா? வலப் பக்கத்துல தட்டுனா அந்தப் பொட்டிதான் வரும். ச்சீ, காலையில கழுவுற கையண்ணே அது! நான் தொடுற சாமான்!"

ராஜலிங்கம் வலது கையைத் தூக்கிக் காட்டினான். "இந்தக் கை நான் சோறு திங்கிற கை. இத அதுல வைக்க மாட்டேன்."

"அப்ப என் கை என்ன கக்கூஸ் கையா?"

"ஒங்க கையச் சொல்லல. அதுல இருக்க ரொட்டியச் சொல்றேன்."

ரமேஸ் முறைத்தபடி இரண்டு கட்டைகளைச் சேர்த்து அமத்தினான். மறைந்த வரிசை திரும்பி வந்தது. "மவுசு அருவருப்பா இருந்தா கீபோர்ட்ல போங்க. இந்த ஓரத்துக் கட்டைய அமத்துனா பட்டியல் தெறக்கும். அம்புக்குறிக் கட்டையால எறங்குங்க. பெரிய கட்டைய அமத்துங்க."

ராஜலிங்கம் கீபோர்ட்டைக் கவிழ்த்துத் தட்டினான். காய்ந்த சோறு விழுந்தது. மிளகாய் விதை விழுந்தது. வெட்டிய நகம் விழுந்தது. கடைசியில் ஒரு கரப்பான் குஞ்சு விழுந்து, யாரையும் சட்டை பண்ணாமல் மேசையில் நடந்து போனது.

"அதுவும் இங்க வேலை செய்யிற ஆளுதான்," என்று ரமேஸ் சிரித்தான்.

ஓரத்துக் கட்டையை ராஜலிங்கம் ஒரு தரம் அமத்திப் பார்ப்பதற்குள் முதலாளி தொப்பியை மடித்துக்கொண்டு உள்ளே வந்தார். "எங்க, ஹபீல்ட கடைக்கு ஒரு துண்டு போடுங்க. கெதியா."

கட்டை கட்டையாகத் தேட நேரமில்லை. ராஜலிங்கம் மவுசைப் பார்த்தான். ஆளில்லாமல் கிடக்கப் போகும் கதிரையை நினைத்தான். மூச்சை அடக்கிக்கொண்டு வலது கையை அதன் மேல் வைத்தான். உள்ளங்கை பசைபோல ஒட்டிக்கொண்டது. தட்டினான். பட்டியல் விழுந்தது. ஹபீல் பெயரைத் தட்டிப் பெரிய கட்டையை அமத்தினான். துண்டு அச்சாகி வந்தது.

"மாஷா அல்லாஹ்! நாளையிலேந்து கதிரை ஒங்களுக்குத்தான்."

முதலாளி போனதும் ராஜலிங்கம் மண்ணெண்ணெய்த் துணியால் மவுசை உரசினான். கறுப்புக் கறுப்பாய் ஊத்தை திரண்டு வந்தது. அடியில் வெள்ளை தெரிந்தது. "தம்பி, கண்டிக்குப் போற வரைக்கும் கையக் கழுவாம இதத் தொடக்கூடாது. சொல்லிட்டேன்."

"சரிங்க ஐயா," என்று ரமேஸ் பெரிதாகக் கும்பிட்டான்.

கொஞ்ச நேரத்தில் முதலாளி திரும்பி வந்தார். கையில் பாதி கடித்த கட்லட். "அந்தத் துண்டு சரியா போச்சா, பாப்பம்." கட்லட்டை இடது கைக்கு மாற்றிவிட்டு, எண்ணெய் வழிந்த விரல்களால் மவுசை ஆசையாகப் பிடித்தார். தட்டினார், பார்த்தார், தலையாட்டினார், போனார்.

ரமேஸ் கதவோரம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றான். மவுசின் வெள்ளை முதுகில் மஞ்சளாக ஐந்து விரல் அடையாளம்.

மத்தியானச் சோற்றுப் பார்சல் மேசை ஓரத்தில் இன்னும் பிரிக்காமல் இருந்தது. ராஜலிங்கம் வலது கையை முகர்ந்து பார்த்தான். முகத்தைச் சுளித்து அதை மடியில் வைத்துக்கொண்டு, மவுசைத் தொடாமல், இடது கைச் சுண்டுவிரலால் கீபோர்ட்டில் ரமேஸ் காட்டிய அந்த ஓரத்துக் கட்டையைத் தேடினான்.