மூன்றாம் கியரில் ஒரு சத்தம்

புங்கோமா சந்தைத் திருப்பத்தில் வண்டி வரும்போதே அந்தச் சத்தம் காதில் விழுந்தது. கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டேன். வந்தது பச்சை பெயின்ட் அடித்த பிக்கப். எங்கள் பிக்கப் வெள்ளை. ஆனால் பெயின்டா சத்தம் போடுகிறது?

என் புருஷன் மகோக்கா மக்காச்சோளம் ஏற்றிக்கொண்டு வடக்கே லோட்வார் போய் நாலு வருஷமாகிறது. வண்டியும் திரும்பவில்லை, ஆளும் திரும்பவில்லை. வழியில் கொள்ளைக்காரர்கள் கொன்றிருப்பார்கள் என்றார்கள். உடல் கிடைக்காவிட்டால் வாழைத்தண்டைப் புதைத்துக் காரியத்தை முடிப்பது எங்கள் வழக்கம். ஒவ்வொரு அறுவடைக்கும் அத்தை குழி வெட்ட ஆள் கூப்பிடுவார். நான் மண்வெட்டியைப் பிடுங்கி ஒளித்துவைப்பேன். உயிரோடு இருப்பவருக்கு எதற்குக் குழி என்று ஊரோடு சண்டை போட்டவள் நான்.

பிக்கப்பிலிருந்து இறங்கியவன் வடக்கே ஏரிப்பக்கத்துத் துர்க்கானாக்காரன், ஏக்காய் என்று பேர் சொன்னான். கருவாட்டு வியாபாரம்.

"மெக்கானிக்கக்கா, இந்தச் சனியன் கத்துது. என்னன்னு பாருங்க."

"உன் கருவாட்டு நாத்தம் தாங்காம கத்துதோ என்னவோ. தள்ளி உக்காரு, நான் ஓட்டிப் பாக்கறேன்."

நியூட்ரலில் சத்தமில்லை. கிளட்சை மிதித்தாலும் விட்டாலும் மாற்றமில்லை, அதனால் கிளட்ச் பேரிங் இல்லை. இரண்டாம் கியர் ஒழுங்காக இருந்தது. மூன்றில் போட்டதும் டக், டக், டக். வேகம் கூடக்கூட அதுவும் நெருங்கியது. நாலாம் கியரில் நின்றுபோனது. சக்கரத்திலோ பின் அச்சிலோ கோளாறு என்றால் எல்லாக் கியரிலும் கேட்கும். மூன்றாம் கியரில்தான் ஒரு பல் உடைந்திருக்கிறது. இந்தச் சத்தத்தோடு குடித்தனம் பண்ணியவளுக்கு இதைச் சொல்ல ஓட்டியே பார்க்க வேண்டாம்.

ஆனாலும் வேறு வண்டியிலும் பல் உடையும் அல்லவா? கியர்பாக்ஸை இறக்கித் திறந்தேன். முன் பேரிங் மூடிக்கு அடியில், சமையல் கொழுப்பு டின்னை வெட்டிச் செய்த தகடு. ஒரு துளையைத் தப்பாகப் போட்டு, பக்கத்திலேயே இன்னொன்று போட்டிருந்தது. அது என் கை வேலை.

"யாருகிட்ட வாங்கின?"

"ஏரிக்கரையில, கலோகோல்ல. உங்க ஊர்க்காரர்தான், மகோக்கான்னு. மீன் ஏலம் எடுக்கறார். பொண்டாட்டி, ரெண்டு சின்னப் பிள்ளைங்க. மூணாம் கியர் தட்டும்னு மறைக்காம சொல்லித்தான் குடுத்தார். மொத சம்சாரம் கையால பூட்டின வண்டியாம். அவங்க பிரசவத்துல செத்துட்டாங்களாம். சொல்லும்போதே அழுதுட்டார்க்கா, பாவம்."

என் வயிற்றில் ஒரு பிள்ளையும் தங்கியதில்லை. அதைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. தகட்டைத் துடைப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

வாசலில் சோளம் சுட்டுக்கொண்டிருந்த அத்தை காதில் பேர் மட்டும் விழுந்திருக்கிறது. அடுப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து என் எண்ணெய்க் கையைப் பிடித்தார்.

"என் பிள்ளையா? இருக்கானா?"

"இருக்கார் அத்தை. நல்லாருக்கார்."

அத்தை தரையில் உட்கார்ந்து சிரித்தார், அழுதார். ஏக்காய் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நீதான்டி ஜெயிச்ச," என்றார் அத்தை. "பெத்தவ நான் குழி வெட்டச் சொன்னேன். நீ விடல. நாளைக்கே போவோம். நல்ல துணியாக் கட்டிக்க. உன்ன முன்னாடி நிறுத்திட்டு நான் ஒளிஞ்சுக்கறேன். உன்னப் பாத்ததும் அவன் மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாக்கணும்."

"நீங்க மட்டும் போய்ட்டு வாங்க அத்தை," என்றேன். "அங்க நான் செத்துட்டேன்."