ஒரே தார்ப்பாய்

கிறிஸ்துராஜ் மின்கம்பத்தில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்ததும், தெருவுக்கு மேலே பந்தலாக விரிந்திருந்த தார்ப்பாயின் ஒரு மூலை சரிந்து, கீழே உட்கார்ந்திருந்த பெண்களின் தலையில் விழுந்தது. அழுகை சட்டென்று நின்றது.

"ஏலே, என்னடா பண்றே?" சகாயராஜ் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"லாரிய மூடணும். சிறுமலப் பக்கம் பாரு, கருத்துட்டு வருது."

"அப்பா செத்துக் கெடக்காருடா!"

"தெரியுது."

ஜெசிந்தா அப்பாவின் தலைமாட்டில் இருந்தாள். இரண்டு அண்ணன்களுக்கும் இளையவள். தகவல் தெரிந்து வடமதுரையிலிருந்து காலையில்தான் வந்திருந்தாள். அப்பா சவரிமுத்து தெருவில், ஐஸ் பெட்டிக்குள் கிடந்தார். வாசல் குறுகல் என்பதால் பெட்டி வீட்டுக்குள் போகவில்லை. முகூர்த்த நாள், திண்டுக்கல் முழுக்கத் தேடியும் ஒரு சாமியானா கிடைக்கவில்லை. தெருமுனையில் மக்காச்சோள மூட்டைகளோடு நின்ற சின்னண்ணன் கிறிஸ்துராஜின் லாரியிலிருந்து, அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தார்ப்பாயை உருவிக்கொண்டு வந்து கட்டியது பெரியண்ணன் சகாயராஜ்தான். அப்போது வெயில் கொளுத்தியது. கிறிஸ்துராஜும் தடுக்கவில்லை.

இப்போது காற்றில் மண்வாசனை வந்துவிட்டது.

"இம்புட்டுச் சனமும் நனையணும், ஒம் மூட்ட மட்டும் நனையக் கூடாதோ?"

"அது எம் மூட்ட இல்ல. எரியோட்டு வெவசாயிங்க நம்பி ஏத்திவிட்டது. ஈரம் பட்டா பூசணம் பிடிச்சிரும். மில்லுல எறக்க விட மாட்டான்."

"அப்பா நனையலாமா?"

"அவருக்கு மேல கண்ணாடி இருக்கு. மூட்டைக்கு மேல என்ன இருக்கு?"

சகாயராஜ் ஓங்கி அறைந்தான். கிறிஸ்துராஜ் கன்னத்தைக்கூடத் தடவிக்கொள்ளவில்லை. அடுத்த கயிற்றுக்குப் போனான்.

"போன ஐப்பசியில எங்கடா போச்சு இந்தப் புத்தி?"

அந்த ஐப்பசியை யாரும் மறக்கவில்லை. கிறிஸ்துராஜ் சிமெண்டு ஏற்றி வந்தான். பக்கத்தூர்தானே, வானமும் வெளுப்பாகத்தானே இருக்கிறது என்று தார்ப்பாயை மடித்துக் கேபின் மேலேயே போட்டுவிட்டான். வழியில் பிடித்த மழையில் மூட்டையெல்லாம் கல்லாகிப்போனது. காலமெல்லாம் லாரி ஓட்டிய அப்பா, சுமைதூக்கிகள் பார்த்திருக்க அவனைச் செருப்பால் அடித்தார். "வானத்தப் பாத்தாடா மூடுவே? ஏத்துன சரக்கப் பாருடா! இதென்ன இரும்பா, கருங்கல்லா, தொறந்து போட்டுட்டு வர்றதுக்கு?"

அதன்பிறகு அப்பாவும் மகனும் முகம் பார்த்துப் பேசவில்லை. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் கிறிஸ்துராஜ் வார்டு வாசலில் நின்றுவிட்டுத்தான் போனான். 'அவன உள்ள விடாத' என்று அப்பா சொன்னதாகச் சகாயராஜ் சொன்னான். மெய்யாகவே சொன்னாரா என்று ஜெசிந்தா அப்பாவிடம் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

தார்ப்பாய் முழுதாக இறங்கியபோது முதல் துளிகள் விழுந்தன. சனம் எழுந்து எதிர்வீட்டு வாசல்களில் ஒண்டியது. "கல்லறப் பக்கம் வந்தே, கால ஒடிச்சிருவேன்" என்று சகாயராஜ் தம்பியைப் பார்த்துக் கத்தினான். அம்மா அமலோற்பவம் மட்டும் இடத்தைவிட்டு அசையவில்லை. கண்ணாடிமேல் விழுந்த துளிகளை முந்தானையால் துடைத்தாள். துடைக்கத் துடைக்க விழுந்தது.

தெருமுனையில் கிறிஸ்துராஜ் மூட்டைகளின் உச்சியில் நின்று தார்ப்பாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் காற்றில் எழுந்து அவன் முகத்திலேயே அறைந்தது. கீழிருந்து கயிறு பிடிக்க ஒருவர் வேண்டும். பெரியவனுக்குப் பயந்து யாரும் போகவில்லை.

ஜெசிந்தா எழுந்து போனாள். முதுகுக்குப் பின்னால் பெரியண்ணன் அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். அவள் திரும்பவில்லை.

"நீ எதுக்கு வந்தே? போய் அழு போ."

"கயித்தப் போடுண்ணே."

"அவன் ஒன்னையும் வைவான்."

"போடுங்கிறேன்ல!"

கயிறு அவள் தோளில் வந்து விழுந்தது. உள்ளங்கை எரிய இழுத்துக் கொக்கியில் சுற்றி முடிச்சுப் போட்டாள். கிறிஸ்துராஜ் இறங்கி வந்தான். அவள் போட்ட முடிச்சை அவிழ்த்தான், இழுத்து வேறு முடிச்சாகப் போட்டான்.

அவர்கள் திரும்பும்போது மழை ஓய்ந்துவிட்டது.

"இந்தத் தூத்தலுக்கா இம்புட்டும்?" என்றான் சகாயராஜ், தெருவுக்கே கேட்கும்படி.

மேலத்தெருக்களில் கொட்டிய மழையில் சாக்கடைத் தண்ணீர் நிரம்பி, பெட்டியின் காலைத் தொட்டு ஓடியது. கரண்டு ஒயர் அதில் நனைந்து கிடப்பதைப் பார்த்து யாரோ அலற, ஒருவர் ஓடிப்போய் சுவிட்சை அணைத்தார். பெட்டியை மேட்டுக்கு நகர்த்த வேண்டும். சகாயராஜ் தலைமாட்டில் குனிந்தான். இரண்டு பேர் நடுவில் கைகொடுத்தார்கள். கால்மாட்டுக்குக் கிறிஸ்துராஜ் வந்தான்.

சகாயராஜ் வேறு ஆளைத் தேடிச் சுற்றிலும் பார்த்தான். வாசல்களில் நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

"தூக்குங்கய்யா" என்றாள் அம்மா.

தூக்கினார்கள். சகாயராஜ் உயரம். அவன் பக்கம் எழும்ப, கண்ணாடிமேல் தேங்கியிருந்த தண்ணீரெல்லாம் அப்பாவின் முகத்தையும் மார்பையும் தாண்டிக் கால்மாட்டுக்கு ஓடி, கிறிஸ்துராஜின் நெஞ்சில் கொட்டியது. அவன் சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது. கையை எடுக்காமல், முகத்தைத் திருப்பாமல், அடிமேல் அடிவைத்துப் பின்னால் நடந்தான்.