ஈரத் துண்டு

எழுபத்தைந்தாம் வருஷக் கோடையில் சாந்தோம் வீட்டில் மூன்று குடித்தனத்துக்கும் ஒரே சிமென்ட் தொட்டிதான். ஆளுக்கு ஒரு வாளி, அதுவும் பச்சைத் தண்ணீர். மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற பிறகு வெந்நீர் யார் போடுவது?

ஐரினின் அப்பா ஆம்ப்ரோஸுக்கு மறதி. பூசைக்குப் போகுமுன் குளிக்கணும் என்பது நினைவிருக்கும், குளித்தது இருக்காது.

"ஐரினு, உங்க நைனா மூணாவது தபா ஊத்திக்கினு கீறாரு!" என்று பக்கத்துப் போர்ஷன் பங்கஜம் கத்தினாள். "எங்க வூட்டுல அரிசி கழுவத் தண்ணி இல்ல. வூட்டு ஓனராண்ட சொன்னேன்னு வை, பொட்டி கட்டிக்கினு கிளம்பணும்."

"இனிமே ஆகாதுக்கா."

"நேத்தும் இதே பாட்டுதான்!"

அப்பாவிடம் சொல்லிப் பார்த்தாள். "குளிச்சாச்சுப்பா."

"அழுக்கோட பூசைக்கு அனுப்புறியா?"

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. கொடியிலிருந்த துண்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "தொட்டுப் பாருங்க. ஈரம்."

தொட்டார். முகம் தொங்கிப் போயிற்று. "ஆமாம்மா. குளிச்சுட்டேன் போல."

இரண்டு வாரம் அந்தத் துண்டுதான் வீட்டைக் காப்பாற்றியது. அப்புறம் ஒருநாள் தொட்டியில் கணுக்கால் ஆழம்தான் தண்ணீர். பங்கஜம் இடுப்பில் கைவைத்துப் பக்கத்திலேயே நின்றாள். ஐரின் ஒரு டம்ளர் தண்ணீரில் துண்டை நனைத்து, இன்னும் குளிக்காத அப்பாவின் தோளில் போட்டு, "குளிச்சாச்சுப்பா" என்றாள். அவர் தொட்டுப் பார்த்துவிட்டு, மறுபேச்சில்லாமல் சட்டை மாட்டிக்கொண்டு மாதா கோயிலுக்குப் போனார்.

"பரவால்லியே, நைனா திருந்திட்டாரு!" என்றாள் பங்கஜம்.

பகல் முழுக்க ஐரினுக்குத் தான் பாடம் நடத்தும் வகுப்பில் மனம் ஒட்டவில்லை. சாயங்காலம் தன் பங்கு வாளித் தண்ணீரை மிச்ச மண்ணெண்ணெயில் சூடு காட்டிக் கூப்பிட்டாள். "வாங்கப்பா, குளிக்கலாம். இன்னிக்கு நீங்க குளிக்கல."

அவர் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"காலையில குளிச்சேன்னு நீதானே சொன்னே? துண்டைத் தொட்டுப் பாத்தது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கே. இப்போ இல்லைங்கிறே. ஐரின்மா, நான் எதை நம்புறது?"

வெந்நீர் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால், அவர் நம்பிப் பிடித்துக்கொள்ள மிச்சமிருந்த ஒரே ஆளும் போய்விடுவாள்.

"குளிச்சீங்கப்பா. நான்தான் மறந்துட்டேன்."

அவர் பயந்துபோய் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "உனக்குமா ஆரம்பிச்சிடுச்சு?"