வைக்காத பஞ்சு

வெல்டிங் பட்டறைக்குப் புருஷன் கிளம்பும்போது அவளுக்கு எத்தனை வேலை இருந்தாலும் ஓடிவந்து, பஞ்சைத் திரித்து அவன் இரண்டு காதிலும் வைத்துவிடுவாள். ஏணியில் நின்று தலைக்கு மேலே வெல்டிங் வைக்கிறவன்; தீப்பொறி எங்கே தெறிக்கும் என்று யார் கண்டது? அவனாக வைத்துக்கொள்ள மாட்டான். மகாராஜாவுக்கு அதற்கும் ஆள் வேண்டும்.

அன்றைக்கு மட்டும் அவள் வைக்கவில்லை. முந்தின நாள் கூட்டாளிகள் முன்னால், "என் பொண்டாட்டி போடுற டீயில கை கழுவலாம்" என்று சொல்லிச் சிரித்துவிட்டான். அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. காலையில் வாசலில் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றான். அவள் பார்த்தும் பார்க்காத மாதிரி பாத்திரம் துலக்கினாள். கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

மத்தியானம் உருகிய இரும்புத் துளி ஒன்று அவன் இடது காதுக்குள் இறங்கியது. சவ்வு கிழிந்து உள்காதும் கெட்டுவிட்டது என்றார் டாக்டர். அந்தக் காது இனிக் கேட்காது. தலைசுற்றல் போகப்போகக் குறையலாம். ஏணி ஏறுவதை மறந்துவிட வேண்டியதுதான்.

திரும்பிப் படுத்தால் அவனுக்கு வீடே சுற்றியது. சுவரைப் பிடித்துப் பிடித்துத்தான் பாத்ரூமுக்குப் போனான். அப்போதும் வாய் சும்மா இருக்காது. "குடிக்காமலே தள்ளாடுறேன், செலவு மிச்சம்" என்பான். அவன் சிரிக்கச் சிரிக்க அவள் அடுப்படிக்குள் போய்விடுவாள். ஒரு வாய் டீக்காகவா இப்படிப் பண்ணினேன், பாவி, என்று தன்னையே திட்டிக்கொள்வாள். அவனுக்கு இடது பக்கமாக உட்கார்ந்து, "வேணும்னுதான் வைக்கல" என்று முணுமுணுப்பாள். அவனுக்கு எங்கே கேட்கும்? கேட்காது என்றுதானே அந்தப் பக்கம் உட்கார்ந்தாள்.

நடை ஒருவழியாகச் சரியானதும் முதலாளி தரையில் உட்கார்ந்து செய்கிற வேலை கொடுத்தார். கிளம்புகிற அன்று அவன் வாசலில் வந்து தலையைச் சாய்த்தான். ஒரு கை கதவு நிலையைப் பிடித்திருந்தது.

பஞ்சோடு வந்தவள் வலது பக்கம் நின்றாள். "அன்னைக்கு வேணும்னுதான் வைக்கலங்க. டீ விஷயத்துல கோவம்."

"தெரியும். பஞ்சு டப்பா எனக்கு எட்டுற தூரத்துலதான் இருந்துச்சு. நானும் வீம்புக்குத்தான் எடுக்காமப் போனேன்."

அவள் வலது காதில் பஞ்சை வைத்தாள். அவன் முகத்தைத் திருப்பி இடது காதைக் காட்டினான்.

"இதுலயும் வை."

இனிக் காப்பாற்ற ஒன்றுமில்லாத அந்தக் காதுக்கு, அன்றைக்கு வைத்திருக்க வேண்டிய பஞ்சை அவள் அழுதுகொண்டே திரித்தாள்.