கடைக்கு வைத்த பேர்

ஸ்ரீலேகா ஒரு கடைக்குப் பேர் வைத்த கதை இது. ஷட்டரும் கல்லாவும் உள்ள கடை இல்லை. போனுக்குள் இருக்கிற கடை. பேர் வைப்பதில் அப்படியென்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள். இன்றைக்குத் தாராவிப் பக்கம் பஸ் திரும்பினால் தலையைக் குனிந்துகொள்கிறாள்.

மும்பையில், செம்பூர் திலக் நகரில் வீடு. புருஷன் நகுல், ஒரு பெண் குழந்தை, விட்டுவிட்ட பேங்க் உத்தியோகம். அவளுக்கு ஆறு வருஷமாக ரவிக்கை தைத்துக் கொடுத்தவள் தாராவி பானுமதி. நாங்குநேரிப் பக்கத்துக்காரி, ஸ்ரீலேகாவைவிட ஐந்து வயது மூத்தவள். ஆனாலும் இவள் அவளை 'நீ' என்றாள், அவள் இவளை 'நீங்க' என்றாள். அது ஏன் என்று ரெண்டு பேரும் யோசித்ததில்லை. ஒருநாள் மிஞ்சிய துண்டுத் துணிகளை ஒட்டி பானுமதி ஒரு தோள்பை தைத்துக் கொடுத்தாள். பார்த்தவர்களெல்லாம் எங்கே வாங்கியது என்று கேட்க ஆரம்பித்தார்கள். அப்புறம் என்ன, ஆன்லைனில் விற்கலாம், பாதிக்குப் பாதி கூட்டு என்று ஸ்ரீலேகாவே சொன்னாள். துணி பொறுக்குவதும் தைப்பதும் பானுமதி. போட்டோவும் பார்சலும் ஸ்ரீலேகா.

பேர்தான் அகப்படவில்லை. மூன்று வாரம் நோட்டில் எழுதி எழுதி அடித்தாள். பிடித்த பேரையெல்லாம் யாரோ ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தார்கள். நம் பெண்ணுக்கே ஒரு மணி நேரத்தில் பேர் வைத்தோம், இதென்ன கூத்து என்று நகுல் கிண்டல் செய்தான். ஸ்ரீலேகா அவனிடம் கேட்டாள், அம்மாவிடம் கேட்டாள், பழைய ஆபீஸ்காரர்களின் வாட்ஸாப் குரூப்பில் ஓட்டெடுப்புகூட நடத்தினாள். பானுமதியிடம் மட்டும் கேட்கவில்லை. வேண்டுமென்று செய்ததில்லை, தோன்றவில்லை. அதுதான் இன்னும் மோசம் என்பேன் நான்.

அந்தச் சமயத்தில் ஒருநாள் பைகளை எடுத்துவரத் தாராவிக்குப் போனாள். பானுமதி டீ வாங்க வெளியே போயிருந்தாள். தையல் மெஷினின் மேல் எப்போதும் ஒரு பழைய துப்பட்டா போர்த்தியிருக்கும். சும்மா இருக்க முடியாமல் அதைத் தூக்கிப் பார்த்தாள். மெஷின் உடம்பில் மஞ்சள் பெயிண்டில் கொட்டை எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது. இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தவள், தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். வா-ன-மா-ம-லை. என்ன அழகான பேர் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே பானுமதி டீயோடு வந்துவிட்டாள். இது யார் பேர் என்று இவள் கேட்டாள். அவள் டீயைக் கீழே வைத்தாள், துப்பட்டாவை இழுத்து மூடினாள், அந்த மெஷின் தன் அப்பா கல்யாணத்துக்கு வாங்கிக் கொடுத்தது என்று மட்டும் சொன்னாள்.

போதாதா? அப்பா பேர்தான் என்று ஸ்ரீலேகா முடிவு கட்டிவிட்டாள். கண்ணுகூடக் கலங்கியது அவளுக்கு. இதைவிட நல்ல பேர் கிடைக்காது, பானுமதிக்குச் சொல்லாமல் செய்து அவளை அசத்த வேண்டும் என்று பஸ்ஸிலேயே தீர்மானம் ஆகிவிட்டது.

பத்தே நாளில் 'வானமாமலை' என்று நெய்த ஐநூறு லேபிள் வந்தது. கொண்டுபோய் பானுமதியின் கையில் கொடுத்தாள். பானுமதி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நல்லா இருக்கா என்று கேட்டதற்கு, நீங்க பார்த்து வச்சா சரிதான் என்றாள். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று ஸ்ரீலேகா எடுத்துக்கொண்டாள். மனுஷர்களுக்குத் தங்களுக்குப் பிடித்த மாதிரி எடுத்துக்கொள்ள எவ்வளவு சுலபமாக வருகிறது பாருங்கள்.

எட்டு மாதம் பானுமதி அந்த லேபிளைத் தன் கையால் தைத்தாள். ஆனால் பையின் உள்பக்கம், அடி மூலையில் வைத்துத் தைத்தாள். வெளியே தெரிகிற மாதிரி வை என்று ஸ்ரீலேகா இரண்டு முறை சொன்ன பிறகு வெளியே வைத்தாள்.

தீபாவளிக்கு முன்னால் மாட்டுங்காவில் ஒரு கண்காட்சியில் இடம் கிடைத்தது. வந்தவர்கள் கடைப் பேரைக் கேட்டால் பானுமதி லேபிளைக் காட்டுவாள். வாயைத் திறக்க மாட்டாள். கூச்சம் என்று ஸ்ரீலேகா நினைத்தாள். கூச்சத்தைப் போக்கிவிடலாம் என்று போனை எடுத்து வீடியோ பிடிக்க ஆரம்பித்தாள். சொல்ல வேண்டியது இரண்டே வரி: நான் பானுமதி, எங்க கடை பேர் வானமாமலை. முதல் வரி மணி மாதிரி வந்தது. இரண்டாவது வரியில் 'எங்க கடை பேர்' என்பதோடு நின்றுவிட்டாள். ஒருமுறை, இருமுறை, எட்டுமுறை ஆயிற்று. பக்கத்துக் கடைக்காரர்கள் வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்கள். ஸ்ரீலேகாவுக்கு எரிச்சல் தலைக்கு ஏறிவிட்டது.

"ஒரு பேரைச் சொல்றதுக்கு இவ்ளோ கஷ்டமா? உனக்காகத்தானே இத்தனையும் பண்ணிண்டிருக்கேன்."

பானுமதி கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டாள். ஸ்ரீலேகா கை தட்டினாள்.

வீடியோ பிய்த்துக்கொண்டு போயிற்று. நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள், ஆர்டர் குவிந்தது. மூன்றாம் நாளிலிருந்து பானுமதி மட்டும் போனை எடுக்கவில்லை. நாலு ஆர்டர் வந்ததும் பவுசு வந்துவிட்டது என்று ஸ்ரீலேகா நகுலிடம் பொரிந்து தள்ளினாள். அந்த வார்த்தையை நினைத்தால் இப்போதும் அவளுக்கு நாக்கு கூசுகிறது.

ஐந்தாம் நாள் தாராவிக்குப் போனாள். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு ஷைஸ்தா வாசலில் நின்று ஹிந்தியில் அவளை வாங்கு வாங்கென்று வாங்கினாள். வானமாமலை என்பது பானுமதியின் அப்பா இல்லை, புருஷன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இவளை விட்டுவிட்டுக் கல்யாண் டவுனுக்கு வேறொருத்தியோடு குடித்தனம் போனவன். மாமனார் வாங்கிக் கொடுத்த மெஷினில் தன் பேரை எழுதி வைத்தது அவன்தான். அவள் ஊர்ப் பக்கம் பொம்பளைகள் புருஷன் பேரை வாயால் சொல்ல மாட்டார்கள். 'அந்த ஆளு' என்பதற்கு மேல் பானுமதி சொன்னதில்லை. ஆறு வருஷமாக ஸ்ரீலேகாவும் கேட்டதில்லை.

யாரோ அந்த வீடியோவை அவனுக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து இறங்கிவிட்டான். வீடு வீடாகப் போனைக் காட்டி, கடைக்கே என் பேரைத்தான் வைத்திருக்கிறாள், என்னை நினைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறாள் என்று சந்து முழுக்கச் சொல்லியிருக்கிறான். ஒன்பது வருஷம் அவன் இல்லாமல் நிமிர்ந்து நடந்தவளை எல்லாரும் பாவம் என்று பார்த்திருக்கிறார்கள். சேர்ந்து இரு என்று புத்தி சொல்ல நாலு பேர் வந்திருக்கிறார்கள். ஷைஸ்தாதான் விளக்குமாற்றை எடுத்து அவனை விரட்டினாளாம்.

பானுமதி சாப்பாட்டு நேரத்தில் வந்தாள். இரண்டு சந்து தள்ளி நஜ்முன்னிசாவின் தையல் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். ஸ்ரீலேகாவைப் பார்த்ததும் கோபப்படவில்லை. உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தாள். கோபப்பட்டிருந்தால் தேவலை என்றிருந்தது ஸ்ரீலேகாவுக்கு.

"ஏன் பானு என்கிட்ட சொல்லலை? அது அவன் பேர்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போறுமே."

"ஐநூறு லேபிள அடிச்சு, அம்புட்டு சந்தோசமா கொண்டாந்து கையில தந்திய. அதுக்குப் பொறவு என்னத்தச் சொல்ல? புருசன் பேரச் சொன்னா அவிய ஆயுசு கொறையும்பாவ. கொறஞ்சா கொறையட்டும்னு தனியா இருக்கையில சொல்லிப் பாத்தேன் லேகாம்மா. அப்பவும் வாய் வரல. அன்னைக்கு நீங்க ஏசவும் வந்துட்டு."

ஸ்ரீலேகாவுக்கு அழுகை முட்டியது. இன்றைக்கே பேரை மாற்றிவிடுகிறேன், மிச்ச லேபிளை எரித்துவிடுகிறேன், நீ வந்தால் போதும் என்று என்னென்னவோ சொன்னாள். பானுமதி காலி டம்ளரை வாங்கி வைத்தாள். கடைசியில் ஸ்ரீலேகா எட்டு மாதத்துக்கு முன்னாலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டாள். கேட்கும்போது 'நீ' தானாக மாறிப்போயிற்று.

"கடை ஆரம்பிச்சபோது என்ன பேர் வெக்கணும்னு நீங்க நெனச்சேள்?"

பானுமதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கொஞ்சம் வெட்கப்பட்டாள்.

"என் பேரத்தான் வைப்பியன்னு நெனச்சேன். பையத் தைக்கது நாந்தானே."

அதையே வைக்கிறேன், இப்போதே வைக்கிறேன் என்று ஸ்ரீலேகா பையிலிருந்து போனை எடுத்தாள். பானுமதி அவள் கையின் மேல் கை வைத்துத் தடுத்தாள்.

"வேண்டாம் லேகாம்மா. நஜ்முன்னிசாக்கா கிட்ட தைக்கிற பையில பேரே கிடையாது. எவன் பேரும் இல்ல, என் பேரும் இல்ல. அது போதும் எனக்கு."

சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது என்று சொல்லி அவள் வீட்டைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள்.